வலது உள்பேடு மட்டும் ஏன் தேய்ந்தது? வெள்ளத்தில் நின்ற காரின் முன் பிரேக்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு காரின் முன் சக்கரங்களிலிருந்து கழற்றிய நான்கு பிரேக் பேடுகளையும் துடைத்து, வெர்னியரில் அளந்தபோது வந்த கணக்கு இது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிப்பவை பேடுகள்; வண்டியின் உட்புறம் இருப்பது உள்பேடு, வெளிப்புறம் இருப்பது வெளிபேடு. இடது சக்கரத்தில் உள்பேடு 6 மி.மீ., வெளிபேடு 6.5 மி.மீ. வலது சக்கரத்தில் வெளிபேடு 7.5 மி.மீ. அதே சக்கரத்தின் உள்பேடு மேல்முனையில் 4 மி.மீ., கீழ்முனையில் 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். புதிதாக மாட்டியபோது நான்கிலும் உராயும் பொருள் சுமார் 10 மி.மீ. இருந்திருக்கும். நான்கும் ஒரே நாளில் மாட்டியவை, 14,000 கி.மீ. சேர்ந்து ஓடியவை. அப்படியிருந்தும் ஒன்று மட்டும் இரும்புத் தகடு தெரியும் நிலைக்கு வந்துவிட்டது, அதுவும் ஆப்பு மாதிரி சரிந்து.

வீட்டிலேயே பேடு மாற்றுவது எப்படி என்று தேடினால் சக்கரத்தைக் கழற்று, பேடுகளை அமுக்கும் காலிப்பரைத் தூக்கு, பழசை எடு, புதுசை வை, மூடு என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வேலையை அப்படியே செய்திருந்தால், இந்த வண்டி அடுத்த 14,000 கி.மீ.க்குள் மறுபடி இதே இடத்தில் வந்து நின்றிருக்கும். பேடு தேய்வதற்காகவே இருக்கும் பொருள். அது தேய்ந்த விதம்தான் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்கிறது. பழைய பேடைக் குப்பையில் போடும் முன் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வண்டியின் கதையை முழுதாக எழுதுகிறேன்.

வண்டியும் வெள்ளமும்

கார் தூத்துக்குடியில் இருக்கும் என் சித்தப்பாவுடையது. சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியில் பல தெருக்களில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. தெரு குறுகல் என்பதால் சித்தப்பா இடப்பக்கச் சக்கரங்களை வாசல் மேடையில் ஏற்றி, வலப்பக்கச் சக்கரங்கள் தெருவில் இருக்கும்படிதான் காரை நிறுத்துவார். வெள்ளத்தன்றும் அப்படித்தான் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் வலது சக்கரங்கள் அச்சுக்கு மேல் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. இடப்பக்கம் டயரோடு தப்பித்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டார்கள். கழுவி, ஆயில் மாற்றி, 2024 பிப்ரவரியில் முன் பேடுகளையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஓடிய தூரம்தான் அந்த 14,000.

அப்புறம் தொந்தரவு மெதுவாக ஆரம்பித்தது. மைலேஜ் குறைந்தது. நேராகப் போகும்போது ஸ்டியரிங் லேசாக வலப்பக்கம் சாய்ந்தது, பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நிறுத்திவிட்டு இறங்கினால் வலது முன் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசனை. புறங்கையை அருகில் கொண்டுபோனாலே இடது சக்கரத்துக்கும் வலதுக்கும் சூட்டில் உள்ள வித்தியாசம் தெரிந்தது. தொட்டுப் பார்க்கத் தேவையே இல்லை, தொடவும் கூடாது. ஓடி வந்த டிஸ்க் தோலை உரித்துவிடும்.

இதைச் சொல்லி வண்டியைக் காட்டியபோது, வீலின் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேடு நல்லா இருக்கு, இன்னும் ரொம்ப நாள் ஓடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மைதான். வீல் வழியே கண்ணுக்குத் தெரிவது வெளிபேடு மட்டும். 7.5 மி.மீ. இருந்த பேடு அது.

இழுப்பு இரண்டு திசையில் ஏன்?

முதலில் குழப்பியது இந்த இரட்டை இழுப்பு. சும்மா போகும்போது வலது, பிரேக் அடித்தால் இடது. காலிப்பர் வேலை செய்யும் முறை தெரிந்தால் இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம் என்பது புரியும்.

சிறிய கார்களில் முன்னால் இருப்பது பெரும்பாலும் மிதக்கும் வகைக் காலிப்பர். பிஸ்டன் ஒன்றே ஒன்று, அதுவும் உள்பக்கம் மட்டும். பிரேக்கை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் வெளியே வந்து உள்பேடை டிஸ்க்கின் மேல் அமுக்குகிறது. டிஸ்க் பக்கவாட்டில் நகராது. அதனால் அதே விசை காலிப்பரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. காலிப்பர் தன் இரண்டு ஸ்லைடு பின்களின் (வழுக்குக் கம்பிகள்) மேல் வழுக்கி நகர்ந்து, வெளிபேடை மறுபக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. ஒரு பக்கத்து விசையை இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அந்த வழுக்கல்தான்.

இந்த ஸ்லைடு பின் இறுகிவிட்டால் பங்கீடு நின்றுபோகும். உள்பேடு மட்டும் அமுங்கும், வெளிபேடு சும்மா இருக்கும். அந்தச் சக்கரத்தில் பிரேக் பலம் குறையும், மறுபக்கம் முழுதாகப் பிடிக்கும். வலது சக்கரத்தின் ஸ்லைடு பின் இறுகினால் பிரேக்கின்போது வண்டி இடது பக்கம் இழுப்பது அதனால்தான். காலை எடுத்த பிறகும் சாய்ந்த காலிப்பர் நிமிராமல் நின்றால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். அது வலது சக்கரத்தை இழுத்துப் பிடிக்க, வண்டி வலது பக்கம் சாயும். சூடு, வாசனை, மைலேஜ் குறைவு எல்லாம் இந்த உரசலின் விளைவு.

சந்தேகத்துக்கு வேறு இரண்டு ஆட்களும் இருந்தார்கள். ஒன்று பிஸ்டன். அது துருப்பிடித்து வெளியே வந்த இடத்திலேயே நின்றுவிட்டாலும் உள்பேடுதான் அதிகம் தேயும். இன்னொன்று பிரேக் ஹோஸ், அதாவது காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய். உள்ளே ரப்பர் உப்பி அடைத்துக்கொண்டால் அழுத்தம் போகும், திரும்பி வராது. அப்போது இரண்டு பேடுமே சேர்ந்து உரசும், தேய்மானம் பெரும்பாலும் சமமாக இருக்கும். நம் வண்டியில் சமமாக இல்லை என்பதால் ஹோஸ் மேல் சந்தேகம் குறைந்தது. பிஸ்டனா, ஸ்லைடு பின்னா என்பதைப் பிரித்தால்தான் சொல்ல முடியும்.

பிரித்தல்

ஜாக்கி விஷயத்தில் மட்டும் சலுகையே கிடையாது. சமதளம், முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில் வேலை செய்வதால் முன்பக்கம் தூக்கியிருக்கும்போதும் பிடிக்கும். வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கியதும் ஜாக்கி ஸ்டாண்டு. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி யாரும் வேலை செய்யக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வாங்கும் வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுவது இன்னொரு காப்பு.

பிரேக் தூசியை வாயால் ஊதவோ, காற்றடிக்கவோ வேண்டாம். நுரையீரலுக்குப் போகக் கூடாத தூசி அது. பிரேக் கிளீனரை அடித்து ஈரமாக்கித் துணியால் துடைத்தால் போதும்.

கீழ் பின்னின் போல்ட்டை 14 ஸ்பேனரால் கழற்றிக் காலிப்பரை மேல்நோக்கித் திருப்புவதுதான் வழக்கமான முறை. இடது பக்கம் அப்படியே சுலபமாக எழும்பியது. வலது பக்கம் எழும்பவில்லை. இரண்டு போல்ட்டையும் எடுத்து, காலிப்பரை அசைத்து அசைத்துத்தான் விலக்க முடிந்தது. கழன்ற காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கம்பியால் மேலே ஸ்பிரிங்கோடு கட்டிவைத்தேன்.

முதலில் பிஸ்டன். எஞ்சின் பக்கம் போய் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவைக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அங்கே மட்டம் ஏறும். நிரம்பியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது, வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்பை மெல்லத் திருகினேன். தடங்கலே இல்லாமல் ஒரே சீராக உள்ளே போனது. சுற்றியுள்ள ரப்பர் உறையிலும் கிழிசல் இல்லை. பிஸ்டனும் ஹோஸும் ஒரே சோதனையில் கழிந்துபோயின, ஏனென்றால் அடைத்த ஹோஸ் ஆயிலை இவ்வளவு சுலபமாகத் திரும்ப விடாது.

மிச்சம் பின்கள். மேல் பின் விரலால் இழுத்தால் வந்தது, கொஞ்சம் கனமாக. கீழ் பின் அசையவே இல்லை. தலையில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பி வெளியே எடுத்தேன். தீ வைத்துச் சூடுபடுத்த முடியாது, சுற்றிலும் ரப்பர். வெளியே வந்த பின்னின் நுனியிலிருந்த ரப்பர் புஷ் உப்பிப் பெருத்து, அழுத்தினால் களியாக அமுங்கியது. அதன் மேல் மஞ்சள் நிறக் கிரீஸ். அந்தக் கிரீஸை விரலால் வழித்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தபோது நறநறவென்றது. வெள்ளை டைல்ஸில் தடவிப் பார்த்தேன். கிரீஸ் பரவிய இடத்தில் பொடிமண் வரிவரியாக ஒட்டிக்கொண்டு நின்றது, அடியில் பழுப்பாகத் துரு.

வொர்க்‌ஷாப்பில் பின்னைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அநியாயம். திறந்திருக்கிறார்கள், கிரீஸும் வைத்திருக்கிறார்கள். வெள்ளச் சேறு உள்ளே இருக்கும்போதே, துளையைக் கழுவாமல், அதன் மேலேயே வைத்திருக்கிறார்கள். வைத்ததும் பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ். பெட்ரோலியக் கிரீஸ் பிரேக்கில் வரும் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். புஷ் உப்பியதும் துளைக்குள் இறுகும், மண் அரைக்கும், ஈரம் துருவாகும்.

இடது பக்கம் அதே மஞ்சள் கிரீஸ்தான். அங்கும் புஷ் கொஞ்சம் உப்பியிருந்தது, பின் இறுக்கமாகத்தான் நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. மண் இல்லை. அந்த ஒப்பீடு கிடைத்ததால்தான் தீர்ப்பு சொல்ல முடிகிறது: கிரீஸ் இரண்டு பக்கத்தையும் கெடுத்தது, சேறுதான் வலது பக்கத்தை முடித்துவைத்தது. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்திருந்தால் பழியை முழுக்க வெள்ளத்தின் மேலோ, முழுக்கக் கிரீஸின் மேலோ போட்டிருப்போம். பேடு மாற்றும்போது நன்றாக இருக்கும் சக்கரத்தையும் அதே கவனத்தோடு பிரியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சித்தப்பா பேடுகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாத்தி ரெண்டு வருசம்கூட ஆவலையேடே, மட்டமான பேடா போட்டுட்டானா?" என்றார்.

"பேடு நல்ல பேடுதான் சித்தப்பா. இடது பக்கத்தைப் பாருங்க, அதே செட்டுதான்."

"அப்ப கத்தியிருக்கணுமே? தேஞ்சா கத்தும்னு சொல்லுவாங்கள்லா?"

நியாயமான கேள்வி. உள்பேடில் ஒரு சின்ன எஃகுத் தகடு ஒட்டியிருக்கும். உராயும் பொருள் 2, 3 மி.மீ. அளவுக்கு இறங்கியதும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். எச்சரிக்கை மணி அதுதான். ஆனால் இந்த வண்டியில் அந்தத் தகடு பேடின் மேல்முனையில் இருக்கிறது. மேல்முனை 4 மி.மீ. இருந்ததால் தகடு டிஸ்க்கைத் தொடவே இல்லை. இறுகிய ஸ்லைடு பின் இருந்த கீழ்முனையில்தான் பேடு கரைந்துகொண்டிருந்தது. வெளியே தெரியும் பேடும் நன்றாக இருந்தது, கத்த வேண்டியதும் கத்தவில்லை. அடையாளங்கள் இரண்டும் ஒன்றுபோல் ஏமாற்றிவிட்டன. வாசனையையும் சூட்டையும் சித்தப்பா பொருட்படுத்தியதால் டிஸ்க் தப்பியது.

டிஸ்க்கின் உள்முகத்தில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுப்பட்டது, மாட்டிக்கொள்ளும் ஆழமில்லை. டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச கனம் 15 மி.மீ. ஓரத்து வரம்பைத் தவிர்த்து உள்ளே பல இடத்தில் அளந்ததில் 16.3 இருந்தது. அதனால் டிஸ்க்கை மாற்றவில்லை.

மாட்டுதல்

வாங்கியவை ஒரு செட் முன் பேடு, இரண்டு பக்கத்துக்கும் ஸ்லைடு பின் கிட், பிரேக் கிளீனர், சிலிக்கோன் கிரீஸ். பின் கிட் என்பது பின்கள், புஷ், ரப்பர் உறைகள் அடங்கிய சின்னப் பொட்டலம். பேடின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இடது பேடுகளில் 6 மி.மீ. மிச்சம் இருந்தாலும் அவற்றையும் மாற்றினோம். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களிலும் ஒரே நேரத்தில் ஒரே பேடு இருந்தால்தான் பிடிப்பு சமமாக இருக்கும். பேடை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பிரேக் பாகங்களும் லைனிங்கும் சென்னைப் பாடி, அம்பத்தூர் பக்கம் பல பத்தாண்டுகளாகத் தயாராகின்றன. தெரிந்த கடையில், சீல் உடையாத பெட்டியாக, வண்டியின் மாடலும் ஆண்டும் சொல்லி வாங்கினால் சரி.

நேரம் முழுக்கப் போனது சுத்தம் செய்வதில்தான். பின் போகும் துளைக்குள் பிரேக் கிளீனர் அடித்து, குச்சியில் துணி சுற்றித் துடைத்து, துணி வெள்ளையாக வெளியே வரும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன். முதல் சில தடவை சேற்றுத் தண்ணீர் நிறத்திலேயே வந்தது. பேடின் காதுகள் (இரண்டு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் பிராக்கெட் பள்ளங்களில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. கிளிப்பைக் கழற்றி, கம்பி பிரஷால் அதையும் சுரண்டினேன். இங்கே துரு ஏறினால் கிளிப் மேலெழும்பி பேடை இறுக்கும், பின்னைச் சரிசெய்தும் பலன் இருக்காது. புதுப் பேடு பள்ளத்தில் கையாலேயே வழுக்கி நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் சுத்தம் போதவில்லை என்று பொருள்.

பின்னில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். துளையை நிரப்பினால் அடைபட்ட காற்றும் கிரீஸும் பின்னை வெளியே தள்ளும். புஷ் உள்ள பின் எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும், மேல் கீழ் மாற்றக் கூடாது. ரப்பர் உறையின் உதடு பின்னின் காடியில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். பேடின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் கை படவே கூடாது. எச்சரிக்கைத் தகடு உள்ள பேடு உள்பக்கம்.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குவதே முறை. ஸ்லைடு பின் போல்ட்டுக்கும் வீல் நட்டுக்கும் உரிய அளவு வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், கை கணக்கு வேண்டாம்.

பேடு மட்டும் மாற்றினால் ஆயில் குழாயைத் திறப்பதில்லை, எனவே குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை தேவையில்லை. இந்த வண்டியில் ஆயில் கறுத்திருந்ததால் அதையும் மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 3 என்ற தர வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, 155. உரசிச் சூடேறும் பிரேக்கில் இந்த வித்தியாசம் உயிர் காக்கும், ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றினோம். சித்தப்பா உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே பிளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்து மூட, டப்பா காலியாகாமல் தம்பி ஊற்றிக்கொண்டே இருந்தான்.

இந்த முறை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கலாம். மின்னணு ஹேண்ட் பிரேக் இருந்தால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் கை வைக்கவே கூடாது.

பெடல், ரோடு, மறு அளவீடு

சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை முறைப்படி இறுக்கிய பிறகும் சாவியைக் கையில் எடுக்க அவசரப்படக் கூடாது. பிஸ்டன் முழுதாக உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. முதல் மிதியில் பெடல் எதிர்ப்பே இல்லாமல் கீழே போகும். அந்த நிலையில் வண்டியை நகர்த்தினால் நிறுத்த எதுவும் இருக்காது. பெடல் கல்லாக நிற்கும் வரை நின்ற இடத்திலேயே மிதித்து, ஆயில் மட்டம் பார்த்து, மூடியை மூடிய பிறகுதான் ஸ்டார்ட்.

பாளையங்கோட்டை நாற்கரச் சாலையில் காலை நெரிசலுக்கு முன் பேடுகளைப் பழக்கினோம். 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, நடுவில் காற்றில் ஆறவிட்டு, இப்படிச் சில முறை. பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிவதற்காக இது. சூடான பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரே இடத்தில் படிந்து பெடல் துடிக்கும். இழுப்பு இரண்டு திசையிலும் போயிருந்தது. இறங்கிப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோது இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவு சூடு.

5,000 கி.மீ. ஓடிய பிறகு வலது சக்கரத்தை மறுபடி கழற்றி அளந்தேன். உள்பேடு மேல்முனையில் 8.7, கீழ்முனையில் 8.6. வெளிபேடு 8.8. பின்களை இரண்டு விரலால் இழுத்தால் வந்தன, விட்டால் தங்கின. இடது பக்கமும் ஏறக்குறைய அதே கணக்கு.

பின் சக்கர டிரம்களையும் பேடு மாற்றிய அன்றே திறந்தோம். அதே தண்ணீரில் நின்றவைதானே. வலது டிரம்மின் அடியில் காய்ந்த வண்டல் ஒரு கைப்பிடி அளவு இருந்தது. கழுவித் துடைத்து, ஷூவை (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பாகம்) அளந்து, அட்ஜஸ்டரைத் திருப்பிப் பார்த்து மூடினோம். இடது டிரம்மில் சாதாரணப் பிரேக் தூசி மட்டுமே.